ஒரு எழுத்து மாறினா மொத்த டேட்டாவும் காலி! மெயின்ஃபிரேம் ஃபைலை சி புரோகிராம் திறப்பது எப்படி?

ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில் ஐடி வேலைக்குப் போகும் இளைஞர்களில் சிலருக்கு முதல் நாளே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். "உங்களுக்கு மெயின்ஃபிரேம் புராஜெக்ட்" என்பார்கள். காலேஜில் படித்த சி மொழி அங்கே உதவுமா? உதவும். ஆனால் ஃபைல் திறக்கும் விதமே வேற. இதோ எளிய விளக்கம்.

மெயின்ஃபிரேம் இன்னும் இருக்கா?

இருக்கு. ஐபிஎம் நிறுவனம் 1964-ல் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் வாரிசுகள்தான் இன்றும் உலகின் பல பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கின்றன. தமிழகத்துக்கும் இது புதுசு இல்லை. சென்னை ஐஐடிக்கு 1973-லேயே ஐபிஎம் 370/155 வந்துவிட்டது.

டேட்டாசெட் என்றால் என்ன?

நம்ம கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல், ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகாலில் ஓடும் தண்ணீர் மாதிரி. எழுத்துகள் தொடர்ச்சியாக வரும். மெயின்ஃபிரேமின் டேட்டாசெட், அடுக்கி வைத்த நெல் மூட்டை மாதிரி. ஒவ்வொரு மூட்டையும் ஒரு ரெக்கார்டு. பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவு. 80 எழுத்து ரெக்கார்டு ரொம்ப சகஜம். பழைய துளை அட்டையில் 80 பத்திகள் இருந்ததன் மிச்சம் அது.

பெயருக்கும் கட்டுப்பாடு உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த பகுதிகள், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 8 எழுத்து, மொத்தம் 44.

சி-யில் எப்படித் திறப்பது?

அதே எஃப்ஓப்பன்தான். பெயருக்கு முன் இரண்டு சாய்கோடு போட்டால் 'இது டேட்டாசெட்' என்று அர்த்தம். பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், உங்கள் யூசர் ஐடி தானாக முன்னால் ஒட்டிக்கொள்ளும். 'ஃபைலே காணோம்' என்று புதியவர்கள் திணறுவது பலமுறை இதனால்தான்.

இன்னொரு வழி, சாய்கோடுகளுக்குப் பின் 'டிடி' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து ஒரு செல்லப் பெயர் கொடுப்பது. அந்தப் பெயர் எந்த டேட்டாசெட்டைக் குறிக்கிறது என்பதை வெளியே ஜேசிஎல் சொல்லும். டெஸ்ட் டேட்டாவில் இருந்து நிஜ டேட்டாவுக்கு மாற புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

திறக்கும்போதே 'டைப் ஈக்வல் ரெக்கார்டு' என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு எஃப்ரீடும் ஒரு மூட்டையைத் தூக்கி வரும். ஒவ்வொரு எஃப்ரைட்டும் ஒரு மூட்டையை வைக்கும்.

எங்கே சிக்கல் வரும்?

* 80 எழுத்து ரெக்கார்டுக்கு 60 எழுத்து இடம் ஒதுக்கினால், மீதி 20 கைக்கு வராது.
* நிலையான நீள டேட்டாசெட்டை டெக்ஸ்டாகப் படித்தால், கடைசியில் இருக்கும் வெற்றிடங்கள் நீக்கப்படும். நீளத்தை நம்பிக் கணக்குப் போட்டால் தப்பாகும்.
* எழுத்துக்குறி வேறு. நம்ம ஆஸ்கியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் எண் 65. மெயின்ஃபிரேமின் எப்சிடிக்கில் 193. பூஜ்ஜியம் இங்கே 48, அங்கே 240. மாற்றாமல் கொண்டு வந்தால் பெயரும் தொகையும் புரியாத குறிகளாகத் தெரியும்.

அந்த ஒரு எழுத்து எது?

படிக்க 'ஆர்', கடைசியில் சேர்க்க 'ஏ', புதிதாக எழுத 'டபிள்யூ'. ஏற்கெனவே இருக்கும் டேட்டாசெட்டை 'டபிள்யூ' போட்டுத் திறந்தால், உள்ளே இருந்தது போச்சு. 'நிச்சயமா அழிக்கவா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ரெக்கார்டு ஒருவரின் சம்பளமாகவோ பென்ஷனாகவோ இருக்கலாம்.

மெயின்ஃபிரேம் வேலை தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமம் உதாரணம். 2012 ஜூனில் பேட்ச் வேலைகளை இயக்கும் மென்பொருளை மேம்படுத்தியபோது வந்த கோளாறில் 65 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். 2014-ல் விதித்த அபராதம் மொத்தம் 5.6 கோடி பவுண்டு.

அப்போ என்ன செய்யணும்?

எழுதும் முன் நகல் எடுங்கள். எஃப்ஓப்பன் வெறும் கையோடு திரும்பியதா என்று பாருங்கள். ஒவ்வொரு எஃப்ரைட்டும் எத்தனை எழுத்து எழுதியது என்று சரிபாருங்கள். இடம் தீர்ந்தால் வேலை பாதியில் நிற்கும், அதனால் எஃப்குளோஸின் பதிலையும் விடாதீர்கள். முதல் ஓட்டம் எப்போதும் டெஸ்ட் டேட்டாவில்தான்.