கண்ணாடி இழைக்குக் காப்புக்குழாய்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஆள் இறங்கினால் மறையும் ஆழத்திற்குக் குறுகிய பள்ளம் ஒன்று நீளத் தோண்டப்பட்டிருப்பதையும், அதன் அருகே செம்மஞ்சள் நிறத்திலோ நீல நிறத்திலோ குழாய்ச் சுருள்கள் கிடப்பதையும் மாணவர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். குடிநீர்க் குழாய் எனச் சிலர் கருதுவர். அன்று, அதனுள் ஒரு துளி நீரும் புகலாகாது. அதனுள் இடம்பெறப்போவது ஒளியைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழை வடமாகும்.

மாசு நீக்கிய கண்ணாடியை மெல்லிய இழையாக்கினால் அதன் வழியே செய்தியை ஒளி வடிவில் நெடுந்தொலைவு அனுப்பலாம் என்பதனைச் சார்லஸ் காவ் என்னும் அறிஞர் 1966-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதற்காக 2009-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். இவ்விழையில் கண்ணாடியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. இத்தகைய இழைகள் பலவற்றை உறையிட்டுச் சேர்த்ததே வடம். ஊர் கூடித் தேர் இழுக்கும் வடத்தைக் கண்ட கண்ணுக்கு, விரற்பருமனே உள்ள இதனையும் வடம் என்பது நகைப்பை விளைக்கலாம். ஆயினும், வங்கிக் கணக்கும் மருத்துவமனைச் செய்தியும் தொலைபேசிப் பேச்சும் இதன் வழியே செல்வதை எண்ணும்போது, தேரினும் பெருஞ்சுமையை இது தாங்குகின்றது என்றே கூறத் தோன்றுகிறது.

இவ்வடத்திற்கு நிலத்தினுள் பகை பல உண்டு. எலி கடிக்கும், கூரிய கல் அழுத்தும். கல் அழுத்தினால் இழை உடைந்துதான் கெடும் என்பதில்லை. ஒளி, இழையின் உட்புற எல்லையில் மோதி மோதித் திரும்பி முன்னேறுவது. இழை அளவிற்கு மேல் வளைந்துவிட்டால் அவ்வொளி வளைவிலே வெளியே கசிந்துவிடும். இழுவிசைக்கு உள்ளான கண்ணாடியில் ஈரம் பட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் மெல்ல மெல்லப் பெருகும். இவற்றினின்றும் காப்பதற்கே குழாய்.

காப்பு மட்டுமே இதன் பயன் எனின் அது பாதி உண்மையே. வடத்தினும் பள்ளம் தோண்டுவதற்கே பெரும்பாலும் செலவு மிகுதி. வடத்தை நேரே மண்ணிற் புதைத்துவிட்டால், பிற்காலத்தில் மிகுதியான இழைகள் தேவைப்படும்போது சாலையை மீண்டும் தோண்ட வேண்டும். குழாய் இருப்பின், பழைய வடத்தை உருவிவிட்டுப் புதியதைச் செலுத்தலாம். ஒரே பள்ளத்தில் வெறுங்குழாய் ஒன்றிரண்டையும் உடனிட்டு வைப்பது இம்முன்னறிவினாலேயே ஆகும்.

தொழிலாளர் 'டக்ட்' என வழங்கும் இக்குழாய், உறுதியான பாலித்தீனால் ஆவது. நம் நாட்டில் பெரிதும் பயன்படுவது 40 மில்லிமீட்டர் புறவிட்டமும் 33 மில்லிமீட்டர் உள்விட்டமும் உடையது. உட்சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்று, குழாயை ஆக்கும்போதே அதனோடு சேர்த்து அமைக்கப்படுகிறது. எண்ணெய் தடவினால் நாளடைவில் உலர்ந்துவிடும், இப்படலம் உலர்வதன்று.

இயல்பான மண்ணில் 165 சென்டிமீட்டர் ஆழத்தில் குழாய் பதிப்பது நம் நாட்டுத் தொலைத்தொடர்புப் பணியில் நெடுங்காலமாக உள்ள வரையறை. பாறை குறுக்கிடும் இடங்களில் அவ்வாழம் எய்தாது. அங்கே குழாயின் மேல் கான்கிரீட்டு இட்டோ, இரும்புக் குழாயினுள் நுழைத்தோ காப்பர். பள்ளத்தின் அடியில் கற்களைப் பொறுக்கி எறிந்து சமன்படுத்திய பின்னரே குழாயை இடவேண்டும். இவ்வேலையை விரைவு கருதிக் கைவிடுவோர் உளர். மண் மூடியபின் எவர் காண்பார் என்பது அவர்தம் எண்ணம். ஆனால், காற்று கண்டுவிடும்! அது எவ்வாறு என்பதனை இனிக் காண்போம்.

வடத்தைக் கயிறு கட்டி இழுத்தால், இழுவிசை முழுவதும் அதன் தலைப்பகுதியிலே விழும். ஒவ்வொரு வளைவிலும் உராய்வு பெருக, உள்ளிருக்கும் இழைகள் ஊறுபடும். ஆதலின், நெடுந்தொலைவிற்குக் காற்றினால் செலுத்தும் முறையையே மேற்கொள்கின்றனர். அழுத்தப்பட்ட காற்றைக் குழாயின் வாயிற் செலுத்துவர். அங்குள்ள சிறு பொறியின் உருளைகள் வடத்தைப் பற்றி உள்ளே தள்ளும். வடத்தினும் விரைந்து பாயும் காற்று, ஆற்றுவெள்ளம் நெடுங்கொடியை அதன் நீளம் முழுதும் பற்றி ஈர்த்துச் செல்வதுபோல, வடத்தை முன்னே கொண்டு செல்லும். குழாய் செவ்வையாக அமைந்திருப்பின் ஒரே மூச்சில் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் செலுத்தலாம். குழாய் பாம்புபோல் நெளிந்து கிடந்தாலோ, கல் அழுத்தி நசுங்கியிருந்தாலோ, இணைப்பில் காற்று கசிந்தாலோ, வடம் இடைவழியிலே நின்றுவிடும்.

எனவேதான் வடத்திற்கு முன்னர்ப் பஞ்சுத்துண்டு ஒன்றையும், பின்னர்க் குழாயின் உள்விட்டத்திற் சற்றுச் சிறிய கட்டை ஒன்றையும் காற்றினால் ஊதிச் செலுத்திப் பார்க்கின்றனர். பஞ்சு அழுக்கையும் நீரையும் துடைக்கும். கட்டை நசுங்கிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அவ்வேளையில் மறுமுனைக்கு நேரே எவரும் நிற்றல் ஆகாது. வெளிப்படும் கட்டை கவண்கல்லினும் கடுமையாகத் தாக்கும்.

இத்துணை காத்தும், மண் தோண்டும் பெரும்பொறியின் பற்களுக்கு முன் குழாய் எம்மாத்திரம்? அதனை அறிவிக்கவே, குழாய்க்கு மேலே சிறிது உயரத்தில் எச்சரிக்கை நாடா ஒன்றைப் புதைப்பர். தோண்டுவோன் நாடாவைக் கண்டதும் கையை நிறுத்தவேண்டும். நிறுத்துவோர் எத்தனை பேர்! ஒருவருக்கொருவர் அறிவியாமல் தோண்டுவதால் ஆண்டுதோறும் நாட்டிற்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக இந்திய அரசு 2023-ஆம் ஆண்டில் தெரிவித்தது. தோண்டுமுன் நிலத்தடிப் பொருள்களுக்கு உரியவர்க்குச் செய்தி அனுப்புவதற்கெனக் கைப்பேசிச் செயலி ஒன்றையும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்டது.

அறுபட்ட வடத்தைச் செப்பனிடுதல் கயிற்றை முடிச்சிடுவது போன்றதன்று. இழை ஒவ்வொன்றையும் உறை நீக்கித் துடைத்து, முனையை நேராக வெட்டி, நுண்பொறியில் எதிரெதிரே வைத்து, மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி ஒன்றாக்க வேண்டும். வடத்தில் 24 இழைகள் இருப்பின், ஒரு முறிவிடத்தில் 24 முறை இவ்வாறு செய்தல் வேண்டும். இடையே சேர்க்கப் புதுத்துண்டு தேவைப்பட்டால், இருமுனைகளிலுமாக 48 முறை. அத்தொல்லையைக் குறைத்தற்பொருட்டு, இணைப்புத் தொட்டிகளில் சில மீட்டர் வடத்தைச் சுருட்டி மிகையாக வைத்திருப்பர். குழாய் நலமாக இருந்தால் அம்மிகை வடத்தை முறிவிடம் வரை இழுத்துக்கொள்ளலாம்; அவ்வாறு இழுக்க இயலும்போது 24 இணைப்போடு வேலை முடியும்.