சிக்கனப் பயணம்

நுழையும் முன்

ஊர் சுற்றுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பது பலரின் எண்ணம். ஆயினும், சிறிதளவு பணத்துடன் நண்பர்களோடு நெடுந்தொலைவு செல்வோர் உலகெங்கும் உள்ளனர். அவர்களுடைய பயணம் எவற்றால் இயல்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முதுகுப்பைப் பயணிகள்

தேவையான பொருள்களை முதுகில் சுமக்கும் ஒரே பையில் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் முதுகுப்பைப் பயணிகள் எனப்படுவர். ஸ்பெயின் நாடு இத்தகைய இளைஞர்களை மிகுதியாக ஈர்க்கிறது. அவர்கள் மாட்ரிட், செவில், கிரானடா, பார்சிலோனா ஆகிய நகரங்களுக்குப் பேருந்திலும் தொடர்வண்டியிலும் செல்வர். அடுக்குக் கட்டில்கள் இடப்பட்ட பொது அறைகளில் உறங்குவர். விடுதியின் சமையலறையில் தாமே சமைத்து உண்பர். மாட்ரிட் நகரின் புகழ்பெற்ற பிராடோ ஓவியக்கூடத்தில், மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் கட்டணம் இல்லை. அந்நேரம் அறிந்து செல்வோர் உலகின் சிறந்த ஓவியங்களைச் செலவின்றிக் காண்பர்.

அந்நாட்டின் வடமேற்கில் உள்ள சந்தியாகோ நகருக்குப் பழைமையான யாத்திரைப் பாதை ஒன்று செல்கிறது. வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறிகள் திசை காட்டும். நடந்து வருவோர் தங்குவதற்கு எளிய விடுதிகளும் உண்டு. முன்பின் அறியாதவர்க்காக யாரோ வரைந்த குறியும், யாரோ திறந்துவைத்த வீடுமே அப்பயணத்தின் துணைகள்.

தமிழர் கண்ட வழிகாட்டி

இத்தகைய வழிகாட்டல் தமிழர்க்குப் புதியதன்று. சங்க காலத்தில் பாணர்கள் யாழைச் சுமந்து, சுற்றத்தாருடன் கூட்டமாக நடந்தனர். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையுடன் எதிரே வருபவருக்கு வழி கூறுவதாக அமைந்தவையே ஆற்றுப்படை நூல்கள். நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்னும் மன்னனிடம் செல்லும் வழியைச் சொல்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளியிட்டுச் சமைத்த சூடான சோறு, ஆமூரில் நண்டுக் கறியுடன் வெண்சோறு என ஊர்தோறும் கிடைக்கும் உணவையும் அது குறிப்பிடுகிறது. தாம் பெற்றதை மறைக்காமல் பிறருக்கும் வழி காட்டுவதே ஆற்றுப்படையின் அறம்.

தலைக்கு மேல் ஒரு கூரை

பயணச் செலவில் பெரும்பகுதி தங்குமிடத்திற்கே ஆகும். அதனாலேயே முன்னோர் நெடுவழிகளில் சத்திரங்களைக் கட்டினர். தஞ்சையை ஆண்ட மன்னர் இரண்டாம் சரபோசி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் வழிப்போக்கர்க்கு உணவும் உறைவிடமும் அளித்தது. காசிக்குச் செல்லும் தமிழர்க்காக நகரத்தார் அங்கே ஒரு சத்திரத்தை நிறுவினர்.

இக்கால இளைஞர் விடுதிகளின் தொடக்கம் ஜெர்மனியில் அமைந்தது. 1909ஆம் ஆண்டு ரிச்சர்டு ஷிர்மன் என்னும் ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணத்திற்கு அழைத்துச் சென்றபோது கடும் புயல்மழை பெய்தது. அவர்கள் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஒதுங்கி வைக்கோலில் படுத்தனர். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிகளில் இளம் பயணிகளைத் தங்கவைக்கலாமே என்ற எண்ணம் அவ்விரவில் ஷிர்மனுக்குத் தோன்றியது. 1912ஆம் ஆண்டு அல்டெனா கோட்டையில் அவர் ஓர் இளைஞர் விடுதியைத் தொடங்கினார். பின்னர் அவ்வியக்கம் பல நாடுகளில் பரவியது. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கத்தின் தலைமையகம் புதுதில்லியின் சாணக்யபுரியில் உள்ளது.

தில்லியிலிருந்து

சிக்கனப் பயணத்தைப் பழகுவதற்குத் தில்லி ஏற்ற நகரம். செங்கோட்டை, குதுப்மினார், உமாயூன் கல்லறை ஆகியவற்றுக்கு மெட்ரோவிலும் பேருந்திலும் செல்லலாம். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. ஆக்ராவின் தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. இவற்றை அறியாமல் செல்வோர் மூடிய கதவைக் கண்டு திரும்ப நேரும். பயணச் செலவும் வீணாகும்.

பங்களா சாகிப் குருத்வாராவில் லங்கர் என்னும் பொது உணவுக்கூடம் உள்ளது. சாதி, சமயம், செல்வம் பாராது அனைவரும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்பர். காலணியைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிச் செல்வது அங்குள்ள முறை. உண்டவர் விரும்பினால் பாத்திரம் துலக்கவும் உணவு பரிமாறவும் உதவலாம்.

தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்கள் நெடும்பயணத்தை நன்கு அறிந்தவை. 1976இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விரைவு வண்டி, தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. பள்ளி வழங்கும் சான்றின்பேரில், சொந்த ஊருக்குச் செல்லும் மாணவர்க்குத் தொடர்வண்டியில் கட்டணச் சலுகையும் உண்டு. கட்டுச்சோற்றை எதிர் இருக்கையில் இருப்பவரோடு பகிர்ந்துண்ணும் குழந்தை, சிக்கனப் பயணத்தின் முதல் பாடத்தைக் கற்றுவிடுகிறது.

நண்பர் குழுவின் நெறி

பணம் குறைந்த பயணத்தில் நட்பு சோதிக்கப்படும். ஒருவர் விலையுயர்ந்த உணவகத்தை விரும்பலாம். மற்றொருவரிடம் அதற்குப் பணம் இராது. அவர் அதனைச் சொல்ல நாணித் துன்புறுவார். ஆகவே, குழுவில் மிகக் குறைவாகச் செலவிட இயல்பவரை அளவாகக் கொண்டு திட்டமிடுதல் வேண்டும். அனைவரும் சம அளவில் இட்ட பொதுப்பணத்தை ஒருவர் வைத்திருந்து, நாள்தோறும் இரவில் கணக்கு எழுதிக் காட்டுதல் நன்று. நடையிலும் மெதுவாகச் செல்பவரின் வேகமே குழுவின் வேகமாக வேண்டும்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கஞ்சன் பிறர் தருவதைப் பெற்றுக்கொண்டு தான் எதுவும் தராதவன். சிக்கனப் பயணியோ தங்கிய அறையைத் தூய்மை செய்து, அடுத்து வருபவருக்கு வழியும் சொல்லிச் செல்பவன். வேலை தேடித் தில்லிக்கு வந்த தமிழர் பலர்க்கு முன்பே வந்த ஊரார் தம் சிறு அறையில் பாய் விரித்து இடம் தந்தனர். அவ்வாறு பெற்ற இடத்தைப் பின்னர் வந்தவர்க்கும் அவர்கள் அளித்தனர். பயணம் கற்பிக்கும் அறமும் அதுவே.

சொற்பொருள்

உறைவிடம் – தங்குமிடம்
சுற்றத்தார் – உறவினர்
வழிப்போக்கர் – வழியில் செல்வோர்
கட்டுச்சோறு – பயணத்திற்குக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு

பயிற்சி

1. ஆற்றுப்படை என்பது யாது?
2. இளைஞர் விடுதி பற்றிய எண்ணம் ஷிர்மனுக்கு எவ்வாறு தோன்றியது?
3. சிக்கனத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. உன் குடும்பத்தினர் முதன்முதலில் தில்லிக்கு வந்தபோது எங்குத் தங்கினர் எனக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.