கோப்பு போனது எங்கே? டேப்லெட்டில் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு

முன்பெல்லாம் நம் இல்லங்களில் முக்கியமான தாள்கள் இரும்புப் பெட்டியில் இருந்தன. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. இன்று அந்தத் தாள்களில் பாதி டேப்லெட்டுக்குள் இருக்கின்றன. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய நிலவரி ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், மருத்துவமனை அறிக்கை, சங்கத்து மலருக்கு எழுதிய கட்டுரை என எல்லாம் அதற்குள்ளேதான். ஆனால் வேண்டும் நேரத்தில் தேடினால் "நேற்றுத்தானே பார்த்தேன், எங்கே போயிற்று?" என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

கோப்பு பெரும்பாலும் எங்கும் போவதில்லை. அது எந்த அறையில் இருக்கிறது, எத்தனை பிரதியாக இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. இதை விளங்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே எனக்குத் தெரிந்த உவமையையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அறை

மேசைக் கணினியில் எல்லாக் கோப்புகளும் ஒரே கிடங்கில் இருந்தன. எந்த நிரலும் எந்தக் கோப்பையும் எடுத்துத் திறக்கலாம். வசதிதான். ஆனால் அதே வழியாக வைரஸும் உள்ளே வந்து கைவைத்தது.

2010-இல் ஐபேட் வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனம் வேறு ஏற்பாடு செய்திருந்தது. ஒவ்வொரு செயலிக்கும் பூட்டிய தனி அறை. ஒரு செயலி பக்கத்து அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. பேரன் இறக்கிய விளையாட்டுச் செயலி, தாத்தாவின் வங்கிச் செயலிக்குள் நுழையக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தப் பூட்டு. எல்லோருக்கும் பொதுவான கிடங்கைப் பார்க்க "ஃபைல்ஸ்" என்ற செயலி 2017-இல்தான் ஐபேடுக்கு வந்தது. அதுவரை பொதுக்கூடமே இல்லாத வீடாகத்தான் அது இருந்தது எனலாம்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் தனி அறைகளும் உண்டு, பொதுக்கூடமும் தொடக்கத்திலிருந்தே உண்டு. அனுமதி பெற்ற செயலிகள் பொதுக்கூடம் முழுவதும் உலாவ முடிந்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. 2020-இன் ஆண்ட்ராய்டு 11 இன்னும் இறுக்கியது. ஆக இரண்டு வகை டேப்லெட்டிலும் இன்று நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான்.

சரக்கு மாற்றுவதும் கோப்பு மாற்றுவதும்

கேரளத்தில் எறணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரும் ரயில் பாதை 1976 வரை மீட்டர் பாதையாக இருந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். வடக்கிலிருந்து எறணாகுளம் வரை வந்ததோ 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒரு பாதையின் வண்டி மறு பாதையில் ஓடாது. ஆகவே சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி, நடைமேடையைக் கடந்து, அடுத்த வண்டியில் ஏற்றவேண்டும். மூட்டைகளை எண்ணிச் சீட்டோடு ஒப்பிடவும் வேண்டும். நாங்கள் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் இதைக் கதைகதையாகச் சொல்வார்கள்.

டேப்லெட்டில் "ஷேர்" என்று வரும் பொத்தான்தான் அந்த நடைமேடை. ஐபேடில் சதுரத்திலிருந்து மேலே கிளம்பும் அம்புக்குறியாகவும், ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த குறியாகவும் அதைக் காணலாம். அதை அழுத்தினால் இந்தக் கோப்பை ஏற்கக்கூடிய செயலிகளெல்லாம் வரிசையாக நிற்கும். எதைத் தொடுகிறோமோ அதன் அறைக்குக் கோப்பு போகும்.

இங்கேதான் ஒரு பெரிய வேறுபாடு. சரக்கை மாற்றினால் பழைய வண்டி காலியாகிவிடும். கோப்பை மாற்றினால் பழையது பழைய அறையிலேயே இருக்கும், புதிய அறையில் இன்னொரு பிரதி உருவாகும். "அனுப்பினேன்" என்று நாம் சொல்வது உண்மையில் "படியெடுத்துக் கொடுத்தேன்" என்பதே. அதன்பிறகு இரண்டு பிரதிகளுக்கும் உறவு கிடையாது. ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கலில் நடந்தது

நான் இருப்பது செங்கல். நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலையை ஒட்டிய ஊர். 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழ்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலும் வடநாட்டிலும் இருக்கிறார்கள். பூமி இங்கே இருக்கிறது. ஆகவே தாள்கள் பயணம் செய்துகொண்டே இருக்கும்.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தது. ஆதாரம் எழுதுபவர் வரைவைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். (எங்கள் பக்கத்தில் நிலப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர்.) வளைகுடாவில் இருக்கும் அண்ணன் அதைத் தன் டேப்லெட்டில் வேர்டு செயலிக்கு மாற்றித் திறந்தார். தங்கையின் பங்கு பத்து சென்ட் என்றிருந்ததைப் பேசி முடித்தபடி பன்னிரண்டரை சென்ட் என்று திருத்தினார். நல்ல மனதோடு செய்த திருத்தம். பின்பு வாட்ஸ்அப்புக்குத் திரும்பி, அங்கே கண்முன் இருந்த அதே பெயருடைய கோப்பை ஊருக்கு அனுப்பிவைத்தார்.

அனுப்பியது திருத்தாத பழைய பிரதி. திருத்திய பிரதி வேர்டு செயலியின் அறையில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. பதிவுக்கு முன்பு ஆதாரத்தை உரக்கப் படித்தபோதுதான் தங்கைக்குப் பத்து சென்ட் என்பது காதில் விழுந்தது. உடனே அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, ஃபோன்ல பன்னிரண்டரைன்னுதானே சொன்னிய?"

நல்லவேளை, கேட்டுவிட்டாள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் இரண்டரை சென்டை விடப் பெரிய ஒன்று அந்தக் குடும்பத்தில் போயிருக்கும். இதில் அண்ணன்மீது குற்றமில்லை, டேப்லெட்டிலும் பழுதில்லை. ஒரே பெயரில் இரண்டு பிரதிகள் இரண்டு அறைகளில் இருந்தன, அவ்வளவுதான்.

பொதுக்கூடத்தில் வைத்துத் திறப்பது

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரே வழி, முக்கியமான கோப்பை முதலில் பொதுக்கூடத்துக்குக் கொண்டுவருவது. அங்கிருந்தே திறப்பது, அங்கிருந்தே அனுப்புவது.

ஐபேடில்: வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பைத் திறந்து, ஷேர் குறியை அழுத்துங்கள். வரும் பட்டியலில் "சேவ் டு ஃபைல்ஸ்" என்பதைத் தொடுங்கள். எங்கே வைக்க என்று கேட்கும். "ஐகிளவுட் டிரைவ்" என்றால் ஆப்பிளின் இணையக் கிடங்கிலும் இருக்கும். "ஆன் மை ஐபேட்" என்றால் அந்தக் கருவியில் மட்டும் இருக்கும். "வீட்டுத் தாள்கள்" என்று ஓர் உறையை உருவாக்கி அதில் வைத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில்: கோப்பைத் திறந்து ஷேர் வழியாக "டிரைவ்" செயலிக்கு அனுப்பலாம். அல்லது கருவியோடு வரும் ஃபைல்ஸ் செயலியில் ஆவணங்கள் பகுதியில் கோப்பைக் கண்டுபிடித்து, "காப்பி டு" மூலம் டவுன்லோட்ஸ் அல்லது டாக்குமெண்ட்ஸ் உறைக்குப் படியெடுக்கலாம். சொற்கள் கருவிக்குக் கருவி சற்று மாறும், செய்முறை ஒன்றே.

அடுத்தது திருத்துதல். வாட்ஸ்அப்பிலிருந்து வேர்டுக்கு அனுப்பாதீர்கள். வேர்டு செயலியை முதலில் திறந்து, அதிலுள்ள "ஓபன்" வழியாகப் பொதுக்கூடத்துக்கு வந்து கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போது செயலி கோப்பு இருக்கும் இடத்திலேயே வேலை செய்யும். திருத்தமும் அதிலேயே பதியும். திருத்தியபின் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" என்பதைத் தேர்ந்து, அந்தப் பொதுக்கூடத்துக் கோப்பையே எடுத்து அனுப்புங்கள். அனுப்பிய பின்பு ஒருமுறை அதைத் திறந்து, திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையை எண்ணுவது போலத்தான் இதுவும்.

பத்திரத்தைப் படமெடுத்து அனுப்புவோர் கவனிக்க: படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும்; சிறு எழுத்துகள் மங்கும். அதையே டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும்.

அழிக்கும் முன் ஒரு நிமிடம்

"இடம் போதவில்லை" என்று டேப்லெட் முறையிட்டதும் நாம் செயலிகளை நீக்கத் தொடங்குகிறோம். ஐபேடில் ஒரு செயலியை "டெலீட்" செய்தால் அதன் அறையில் இருந்தவையும் சேர்ந்தே போய்விடும். ஆன் மை ஐபேட் பகுதியில் அந்தச் செயலியின் பெயரால் இருக்கும் உறையும் அதில் அடக்கம். அமைப்புகளில் "ஆஃப்லோட் ஆப்" என்று இன்னொரு வழி உண்டு. அது செயலியை மட்டும் நீக்கி, அதன் கோப்புகளை விட்டுவைக்கும். ஆண்ட்ராய்டிலும் செயலியின் தனி அறை செயலியோடு போகும். டவுன்லோட்ஸ் போன்ற பொது உறைகளில் வைத்தவை நிற்கும்.

பேரப்பிள்ளைகள் வந்து "தாத்தா, இதையெல்லாம் க்ளீன் பண்ணித் தரேன்" என்று ஆசையோடு கேட்கும்போது, கையில் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை உடனே இறக்கிக்கொள்ளாமல் நாள்கணக்கில் விட்டாலும் பின்பு கிடைக்காமல் போகலாம்.

வீட்டுத் தாள்கள் உறையை ஆண்டுக்கு இரண்டு முறையேனும் ஒரு பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் ஐபேடிலும் பென் டிரைவைச் செருகி ஃபைல்ஸ் செயலியில் திறக்க முடிகிறது. பொருத்தமான இணைப்பான் இருந்தால் போதும்.

திறந்தும் படிக்க முடியாவிட்டால்

கோப்பு வந்துவிட்டது, திறந்தும்விட்டது, ஆனால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று நிற்கின்றன. பழைய சங்க மலர்களின் கோப்புகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

இது பாதை அகல வேறுபாடு போன்றது. 1990-களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தபோது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியிருந்தார்கள். பாமினியில் "தமிழ்" என்பது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். இன்றைய டேப்லெட்டுகள் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கெனத் தனி இடம் இருக்கிறது.

ஆகவே அப்படிப்பட்ட கோப்பைக் கெட்டுப்போனதென்று எறிந்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று அனுப்பியவரிடம் கேட்டு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் இட்டால் தமிழ் மீண்டுவரும். படிப்பதற்கு மட்டும் என்றால், அவரையே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துருவையும் உள்ளே சேர்த்து ஆக்கிய பி.டி.எஃப். எந்த டேப்லெட்டிலும் தமிழாகவே தெரியும்.

கடவுச்சொல் கேட்கும் கோப்புகளும் உண்டு. இணையத்தில் இறக்கிய ஆதார் அட்டைக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த ஆண்டு என்பதே கடவுச்சொல்.

பெயர் வைப்பது

கடைசியாக ஒன்று. எங்கள் ஊர் வீடுகளில் நில ஆதாரம் ஒன்று, ஆதார் அட்டை ஒன்று. இரண்டையும் மகன் ஒரே பெயரில் சேமித்தால், கிராம அலுவலகத்தில் அப்பா எதை நீட்டுவார்? "2024 கரம் தீர்த்த ரசீது", "பாகப்பிரிவினை வரைவு 2, அண்ணன் திருத்தியது" என்று ஆண்டையும் யார் திருத்தியது என்பதையும் பெயரிலேயே எழுதிவிடுங்கள். தமிழிலேயே பெயரிடலாம், டேப்லெட் ஏற்றுக்கொள்ளும். வேலை முடிந்ததும் மற்ற அறைகளில் கிடக்கும் பழைய பிரதிகளை நீக்கிவிடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: வந்ததும் பொதுக்கூடத்தில் வையுங்கள், அங்கேயே திறந்து திருத்துங்கள், அங்கிருந்தே அனுப்புங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதை அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் டேப்லெட் பெரும்பாலும் நீங்கள் வாங்கி அனுப்பியதுதானே!