எபிசோட்: வீடு உள்ளேருந்து தொடங்குது

திண்டிவனம் – புதுச்சேரி ரோட்டுல இருந்து உள்ளே திரும்பினா இரும்பை. சம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அங்க ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்துதான் இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுத்தேன்.

விஷயம் இதுதான். சென்னையில எங்க முதல் ஃபிளாட். இன்டீரியர் பேக்கேஜ் ஒண்ணு காட்டினாங்க. ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், டிவிக்குப் பின்னாடி பேனல். படம் அழகா இருந்துச்சு. அம்மா பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "இதுல நான் எங்கடா உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வேன்?"

பதில் சொல்லத் தெரியல.

இன்டீரியர்னா கட்டி முடிச்சப்புறம் போடுற மேக்கப்னு நினைக்கிறோம். இரும்பைக்குப் பக்கத்துல இருக்கிற ஆரோவில்ல அதுக்கு நேர் எதிரான ஒரு வீடு இருக்கு. கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ தனக்காகக் கட்டிக்கிட்ட 'வால் ஹவுஸ்'. 2000-ல முடிஞ்சது. சுவர், மெல்லிசான நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும். கூரையில மண் பானைகள்!

பானை எதுக்கு? கான்கிரீட் தளம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், கீழ்பக்கம் இழுபடும். இழுவையைத் தாங்குறது கம்பிதான். அங்க இருக்கிற கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை கிடையாது, வெறும் பாரம். அந்த இடத்தைப் பானை அடைச்சுக்கிட்டா கான்கிரீட் மிச்சம், பாரமும் குறைவு. நிமிர்ந்து பார்த்தா, பானைதான் அறையோட அலங்காரமும். அதாவது, இன்டீரியரும் ஸ்ட்ரக்சரும் அங்க ஒண்ணு. 2012-ல வெனிஸ் பினாலேயில இந்த வீட்டை முழு அளவுல திரும்பக் கட்டிக் காட்டினாங்க.

இன்னும் கொஞ்சம் தள்ளி, புதுச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்தோட விடுதி, 'கோல்கொண்டே'. ஆன்டனின் ரேமண்ட் வடிவமைச்சு 1930-களின் கடைசியில கட்ட ஆரம்பிச்சது. வேலையை அங்கேயே தங்கிப் பார்த்துக்கிட்ட ஜார்ஜ் நகஷிமா, அறைகளுக்கான மரச்சாமான்களையும் வடிவமைச்சார். பின்னாடி அமெரிக்காவுல மரவேலைக்காகவே பெரிய பேர் வாங்கினவர். வெளிச்சுவருக்குப் பதிலா, திருப்பி மூடக்கூடிய பட்டைப் பலகைகள். அறைக் கதவு, இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள்ல செஞ்ச தள்ளு கதவு. மூடினாலும் காத்து வரும், ஆனா உள்ளே இருக்கிறவர் தெரிய மாட்டார். தங்கியிருக்கிறவர் எவ்வளவு திறக்கிறாரோ, அதுக்கேத்த மாதிரி கட்டடத்தோட முகமே மாறும்!

ரெண்டு இடமும் கேட்கிறது அம்மா கேட்ட கேள்வியைத்தான்: இங்க யார், எங்க உட்காருவாங்க, என்ன செய்வாங்க? அதுக்குப் பதில் சொன்னப்புறம்தான் சுவர், கூரை எல்லாம்.

நம்ம ஃபிளாட்ல தூணை நகர்த்த முடியாது, உண்மைதான். ஆனா பால்கனி கதவை மறைக்கிற மாதிரி சோஃபா போடாம இருக்கலாம் இல்லையா? பேக்கேஜை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஃபால்ஸ் சீலிங் கிடையாது. பால்கனி ஓரத்துல, அம்மா கால் நீட்டி உட்கார அரையடி உயரத்துல ஒரு திண்ணை மட்டும் போடச் சொல்லியிருக்கேன்.

உங்க வீட்ல உங்களுக்குன்னு ஒரு மூலை இருக்கா? யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.