கிரேக்க வேர்களும் ஆங்கிலக் கிளைகளும்

தமிழ்வழியில் பயின்று அறிவியல் பட்ட வகுப்பிற்கு வரும் மாணவர் முதலாண்டில் அஞ்சுவது பெரும்பாலும் பாடத்தை அன்று. பாடத்தில் வரும் சொற்களையே. நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பொருளறியாது மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். அச்சொற்கள் ஆங்கிலேயருக்கும் தாய்வழி வந்தவை அல்ல என்பதை அவர்களிடம் நாம் சொல்வதில்லை. அவற்றுள் மிகப் பல கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கப்பெற்றவை. தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரித்துக் காட்டுவதுதானே நம் பணி!

'டெலி' என்பது தொலைவு. 'ஃபோன்' என்பது குரல். 'ஃபோட்டோ' ஒளியைக் குறிக்கும். 'சிந்தசிஸ்' ஒன்றுசேர்த்தலைக் குறிக்கும். தொலைபேசி, ஒளிச்சேர்க்கை என்னும் நம் கலைச்சொற்கள் இதே முறையில் அமைந்திருத்தலைக் காண்க. மருத்துவச் சொற்களில் இம்முறை இன்னும் தெளிவாகப் புலப்படும். கிரேக்க மொழியில் 'ஆர்த்ரான்' மூட்டு, 'ஹெபார்' கல்லீரல், 'நெஃப்ராஸ்' சிறுநீரகம், 'காஸ்டெர்' வயிறு. இவற்றோடு 'ஐட்டிஸ்' சேர்ந்தால் ஆர்த்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், காஸ்ட்ரைட்டிஸ் என நான்கு நோய்ப்பெயர்கள் பிறக்கின்றன. இவ்விகுதியின் வரலாறு சுவையானது. தொடக்கத்தில் அதற்கு 'சார்ந்த' என்பதே பொருள். 'மூட்டைச் சார்ந்த நோய்' என்று வழங்கிய தொடரில் 'நோய்' என்னும் சொல் தொக்கு, விகுதி மட்டும் எஞ்சியது. பிற்கால மருத்துவர் அதற்கே அழற்சி என்னும் பொருளை ஏற்றிவிட்டனர். தொகைநிலைத் தொடர் படித்த மாணவருக்கு இது வியப்பளிக்காது.

பெயரிட்டவரின் கண்ணும் கருத்தும் பெயரில் தங்கிவிடுகின்றன. 'ஹிப்போஸ்' குதிரை, 'பொட்டமோஸ்' ஆறு. நீரில் வாழும் அப்பெரிய விலங்கைக் கண்ட கிரேக்கர் அதனை ஆற்றுக்குதிரை என்றனர். நாமோ நீர்யானை என்றோம். அவரவர் நாட்டில் பழகிய விலங்கே அவரவர் நாவில் வந்தது போலும். சில வேளைகளில் பிழையும் தங்கிவிடும். பிரெஞ்சு வேதியியலார் இலவாசியே, அமிலங்கள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட வாயு உண்டு எனக் கருதி, 'அமிலத்தை ஆக்குவது' என்னும் பொருளில் அதற்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். 1810இல் ஹம்ப்ரி டேவி குளோரின் ஒரு தனிமமே என்று காட்டியபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது தெளிவாயிற்று. கருத்து வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. 'பிளக்க இயலாதது' என்று பொருள்படும் 'ஆட்டம்' என்னும் சொல்லின் கதையும் அத்தகையதே. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரும் அணுவுக்கு அப்பெயரே நீடிக்கிறது. பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஓய்வு' என்பது பொருளாம். தேர்வுக்காலத்தில் மாணவரிடம் இதைக் கூறாதிருப்பது நலம்.

மேற்கூறிய 'பொட்டமோஸ்' மற்றொரு பெயரிலும் உண்டு. 'ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு' என்பதே மெசபடோமியா. அந்நாட்டின் பாக்தாத் நகரைக் கூறாமல் கிரேக்கச் சொற்களின் பயணத்தைக் கூறி முடிக்க இயலாது. 813 முதல் 833 வரை ஆண்ட கலீபா அல் மாமூன் காலத்தில், பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தோடு இணைத்துப் பேசப்படும் மொழிபெயர்ப்புப் பணி அங்குச் செழித்தது. கிரேக்க மருத்துவர் காலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தவருள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அவர் ஒரு கிறித்தவர். முஸ்லிம் ஆட்சியாளர் அவரது சமயத்தை நோக்காது புலமையைப் போற்றினர் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அரபியில் தங்கிச் சென்ற சொற்கள் 'அல்' என்னும் அரபு முன்னொட்டைத் தம்மோடு கொண்டு ஐரோப்பா சென்றன. தாலமியின் வானநூலைச் சுட்டிய 'மெகிஸ்டே', அதாவது 'மிகப் பெரியது', அல்மஜிஸ்தி ஆயிற்று. அதனைக் கிரிமோனா நகரத்து ஜெரார்டு 1175இல் தொலிதோ நகரில் அரபியிலிருந்து இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியர் அந்நூலை அல்மஜெஸ்ட் என்றே வழங்கலாயினர். புண்ணில் தூவும் உலர்பொடியைக் குறித்த 'க்ஸீரியோன்' அல் இக்ஸீர் ஆகி, ஆங்கிலத்தில் எலிக்சிர் என நிற்கிறது. இரசவாதத்தைக் குறித்த அல் கீமியா, அல்கெமி ஆயிற்று; பின்னர் 'அல்' உதிர்ந்து கெமிஸ்ட்ரி பிறந்தது. ஆனால் அல்ஜீப்ராவை இவ்வரிசையில் சேர்த்தல் கூடாது. அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் வரும் 'அல் ஜப்ர்' தூய அரபுச்சொல்.

தமிழ்த்துறையினராகிய நாமும் இங்கு ஓர் எச்சரிக்கை கொள்ளுதல் வேண்டும். 'ரைஸ்' என்னும் சொல்லுக்கு மூலமான கிரேக்க 'ஒருசா', நம் 'அரிசி'யே என மேடைதோறும் முழங்குகிறோம். கால்டுவெல் அவ்வாறு கருதினார் என்பது உண்மை. எனினும் இன்றைய மொழியியலார் பலர் அச்சொல் ஈரானிய மொழிகளின் வழியே கிரேக்கத்தை அடைந்தது என்பர். ஐயம் உள்ள இடத்தில் ஐயம் உண்டு என மாணவருக்குச் சொல்லுதலே முறை.

அதனினும் உறுதியான சான்று இஞ்சியிடம் உள்ளது. திராவிட 'இஞ்சி'யோடு 'வேர்' சேர்ந்த வடிவமே பாலியில் 'சிங்கிவேர' ஆயிற்று என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. அது கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆகி, இலத்தீன் வழியே ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என வந்தது. அதன் மற்றொரு கிளையே அரபியின் 'ஜன்ஜபீல்'. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம், 17ஆம் வசனத்தில், சுவனத்தார்க்கு வழங்கப்படும் பானத்தில் கலந்திருப்பதாகக் கூறப்படுவது இந்த ஜன்ஜபீல்தான்.