நஷ்டத்தை எப்போது காட்டுவது?

டெல்லி ஐஐடியில் 1985-ல் மின்பொறியியல் முடித்துத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவர் ரகுராம் ராஜன். ரிசர்வ் வங்கி ஆளுநராக அவரை ஊருக்கே தெரியும். ஆளுநர் ஆவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே, 1994-ல், 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் பற்றிப் பொருளாதாரத் துறைக்கு வெளியே யாரும் அதிகம் பேசியதில்லை.

கொடுத்த கடன் திரும்பாது என்று தெரிந்த பிறகும், அதை நஷ்டம் என்று எழுத வங்கி நிர்வாகி ஏன் தயங்குகிறார்? கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். நிர்வாகிக்குத் தன் பெயர் கெடக்கூடாது என்ற கவலை இருக்கிறது என்பது ராஜன் சொன்ன பதில். மற்ற வங்கிகள் எல்லாம் லாபம் காட்டும்போது ஒருவர் மட்டும் நஷ்டம் காட்டினால், அவருக்குத் திறமை போதாது என்று சந்தை முடிவுகட்டிவிடும். எல்லாரும் சேர்ந்து காட்டினால் பழி காலத்தின் மேல் போகும். ஆகவே நல்ல காலத்தில் மறைப்பார்கள், கெட்ட காலம் வந்ததும் மொத்தமாகக் கொட்டுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் ரியல் எஸ்டேட் சரிந்தபோது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வங்கிகள் பட்ட பாட்டை இதற்குச் சான்றாக வைத்தார்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு, வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அது பச்சைப் பொய். கணக்கியல் ஆய்வாளர்களுக்கு அதைவிடச் சுவாரசியமானது சட்டத்துக்கு உள்ளேயே நடப்பது. ஓர் இயந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கும், கிடங்கில் கிடக்கும் சரக்கு என்ன விலைக்குப் போகும், வரவேண்டிய பணத்தில் எவ்வளவு வராமல் போகும் என்பதையெல்லாம் நிர்வாகமே தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானங்கள் சற்றே நகர்ந்தாலும் லாபம் நகர்ந்துவிடும். மேலாளர்களின் போனஸ் திட்டத்துக்கும் அவர்கள் காட்டும் லாபத்துக்கும் உள்ள உறவை 1985-ல் பால் ஹீலி ஆராய்ந்தார். 1997-ல் பர்க்ஸ்டாலர், டிச்செவ் இருவரும் அமெரிக்க நிறுவனங்களின் லாபக் கணக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். சிறிய நஷ்டம் காட்டியவை எதிர்பார்க்கும் அளவைவிட மிகக் குறைவு, சிறிய லாபம் காட்டியவை மிக அதிகம். நூலிழையில் நஷ்டத்தில் நின்றவர்களில் பலர் எப்படியோ கோட்டைத் தாண்டியிருந்தார்கள்.

இந்தியாவில் இந்த விளையாட்டின் பெரிய களம் வங்கிதான். ஒரு நூற்பாலைக்கு ஒரு வங்கி 100 கோடி கடன் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை 90 நாள் தாண்டியும் வரவில்லையென்றால் அது வாராக்கடன். வராத வட்டியை வருமானமாக எழுதக்கூடாது, ஏற்கெனவே எழுதியிருந்தால் திருப்ப வேண்டும். லாபத்திலிருந்து குறைந்தது 15 கோடியை ஒதுக்கி வைக்க வேண்டும். அதே கடனின் தவணைகளைத் தள்ளிப்போட்டு 'மறுசீரமைப்பு' செய்துவிட்டால் 2015 மார்ச் வரை அதை நல்ல கடனாகவே வைத்துக்கொள்ளலாம், 5 கோடியோ அதற்கும் குறைவோ ஒதுக்கினால் போதும். ஆலையில் இயந்திரம் ஓடுகிறதா, வாசலில் பூட்டுத் தொங்குகிறதா என்பது பேலன்ஸ் ஷீட்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது. 2008 நெருக்கடிக்குப் பின் தந்த இந்தச் சலுகையை அனுஷா சாரி, லக்ஷிதா ஜெயின், நிருபமா குல்கர்னி மூவரும் ஆராய்ந்திருக்கிறார்கள். பலவீனமான வங்கிகளின் பணம், பிழைக்க வழியில்லாத நிறுவனங்களுக்கே திரும்பத் திரும்பப் போனது என்பது அவர்கள் கண்டது. நன்றாக நடக்கும் ஒரு சிறு தொழிலுக்குப் போயிருக்க வேண்டிய கடன் அது.

ராஜன் ஆளுநராக இருந்த 2015-ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வைத் தொடங்கியது. பெரிய கடன்தாரர்களின் கணக்குகளை எல்லா வங்கிகளிலும் ஒரே சமயத்தில் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வங்கியில் வாராக்கடனாக இருப்பவர் இன்னொரு வங்கியில் நல்ல கடன்தாரராக உலவ முடியாமல் போனது. ஒரே சமயத்தில் என்பதுதான் இதில் முக்கியம். தனியாக நஷ்டம் காட்டும் அவமானம் எந்த வங்கிக்கும் இல்லை. 1994 கட்டுரையைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றியிருக்காது. 2015 டிசம்பர் காலாண்டில் பேங்க் ஆஃப் பரோடா 3,342 கோடி நஷ்டம் காட்டியது. அடுத்த காலாண்டில் பஞ்சாப் நேஷனல் வங்கி 5,367 கோடி.

தமிழ்நாட்டுக்கு இதன் வலி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வழியாக வந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் தொடங்கிய வங்கி. 2018 மார்ச்சில் அதன் கடன்களில் கால்வாசிக்கும் மேல் வாராக்கடன். 2015-ல் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் போன அது 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. சொத்துத் தர ஆய்வால் தொழில்களுக்குக் கடனே கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. பொதுத்துறை வங்கிகளின் கடன் வளர்ச்சி ஆய்வுக்கு முன்பே தளர்ந்துவிட்டது என்று 2016 ஜூனில் பெங்களூருவில் ராஜன் புள்ளிவிவரத்தோடு பதில் சொன்னார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. மறைத்த நஷ்டத்தையும் கடைசியில் யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். 2017 அக்டோபரில் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி மூலதனத் திட்டத்தை அரசு அறிவித்தது. பெரும்பகுதி மக்கள் பணம்.

தனியார் வங்கிகளும் விலக்கல்ல. 2016 மார்ச்சில் தன் வாராக்கடன் 749 கோடி என்று யெஸ் வங்கி சொன்னது. ரிசர்வ் வங்கி பார்த்தபோது அது 4,926 கோடி. 2020 மார்ச் 5 அன்று அந்த வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது.

இப்போது விதி மாறும் கட்டத்தில் இருக்கிறது. 90 நாள் கடக்கக் காத்திராமல், வரப்போகும் நஷ்டத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு ஒதுக்கும் முறையை 2019-ல் தள்ளிவைத்த ரிசர்வ் வங்கி, 2025 அக்டோபரில் அதற்கான வரைவை வெளியிட்டது. 2027 ஏப்ரலில் தொடங்குவது அந்த வரைவின் திட்டம். பாதுகாப்பான முறைதான், ஆனால் நிர்வாகியின் கணிப்புக்கு இதில் இடம் இன்னும் அதிகம். வங்கிகள் என்ன அனுமானத்தில் கணித்தன என்பதையும், பிறகு உண்மையில் எவ்வளவு நஷ்டம் வந்தது என்பதையும் ஆண்டுதோறும் அருகருகே வெளியிடச் செய்ய வேண்டும். அப்போதுதான் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரும் வங்கிக்கு வங்கி ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.