நாட்டியத்துக்கு ஓர் அதிகாரி

1719-ஆம் ஆண்டு. ஒகினாவா தீவின் ஷூரி அரண்மனையில் செவ்வந்தித் திருநாள் விருந்து. முற்றத்தில் மேடை போட்டிருக்கிறார்கள். மன்னர் ஷோ கெய்க்குச் சீனப் பேரரசர் காங்ஷி வழங்கிய முடிசூட்டு ஆணையைக் கொண்டுவந்த தூதர்கள் இருவரும் விருந்தாளிகளாக அமர்ந்திருக்கிறார்கள். மேடையில் அண்ணனும் தம்பியும் கூத்தாடிகள் போல வேடமிட்டு, தங்கள் தகப்பனைக் கொன்றவன் எதிரில் ஆடுகிறார்கள். அவன் சொக்கிப்போயிருக்கும் நேரம் பார்த்துப் பழிதீர்க்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் வசனமும் கலந்த இந்த நாடக வகைக்குக் 'குமியொதோரி' என்று பெயர். அன்றுதான் அதன் அரங்கேற்றம்.

நாடகத்தை எழுதியவர் தமகுசுகு சோகுன் (1684–1734). அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். 'ஒதோரி புக்யோ', அதாவது நடன அதிகாரி என்பது அவர் பதவி. மேடையில் ஆடியவர்களும் சம்பளத்துக்கு ஆடும் கூத்துக்காரர்கள் அல்லர். எல்லோரும் ஷூரிப் பிரபுக் குடும்பத்து ஆண்கள். பெண் வேடங்களையும் அவர்களே ஏற்றார்கள். ஒரு நாட்டின் நிர்வாகத்தில் நடனத்துக்கென்று ஓர் அதிகாரி எதற்கு?

இரண்டு எஜமானர்கள்

ஜப்பானுக்கும் தைவானுக்கும் நடுவே சங்கிலிபோலக் கிடக்கும், ஒகினாவா உள்ளிட்ட தீவுகள்தான் ரியூக்யு. 1429-இல் ஷோ ஹாஷி என்ற மன்னர் ஒகினாவாவின் மூன்று சிற்றரசுகளை ஒன்றாக்கினார். சீனாவுக்குத் திறை செலுத்தி, அந்த உறவின் பலத்தில் கடல் வணிகம் செய்து நாடு செழித்தது. 1609-இல் ஜப்பானின் தென்கோடியிலிருந்த சத்சுமா என்ற சிற்றரசின் படை வந்து இறங்கியது. மன்னர் ஷோ நெய் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, அவர் நாடு சத்சுமாவின் பிடியில் இருந்தது.

ஆனால் சீன வணிகம் சத்சுமாவுக்கும் வேண்டியிருந்தது. ஆகவே ரியூக்யு தனி நாடு என்ற தோற்றம் சீனத் தூதர்கள் கண்ணில் கலையாமல் இருக்க வேண்டும். முடிசூட்டு ஆணையோடு சீனக் கப்பல்கள் வரும்போதெல்லாம் சத்சுமா அதிகாரிகள் உராசோயே பகுதியிலுள்ள குசுகுமா கிராமத்துக்குப் போய் ஒதுங்கிக்கொள்வார்கள். தூதர்களோ பருவக்காற்று திசைமாறும்வரை மாதக்கணக்கில் தங்குவார்கள். அத்தனை நாளும் அவர்களுக்குத் தொடர்ந்து விருந்து. விருந்துக்கு நடனம், நடனத்துக்கு இசை. பெரிய படையில்லாத ஒரு சிறிய நாடு தன் மரியாதையைக் காத்துக்கொள்ள இதைத்தான் நம்பியிருந்தது. சோகுனின் பதவி அந்தத் தேவையில் பிறந்தது.

கொண்டை ஊசியில் அந்தஸ்து

ரியூக்யு பிரபுவைத் தலையைப் பார்த்தே எடைபோட்டுவிடலாம். உச்சியில் கொண்டை, அதில் ஓர் ஊசி. மிக உயர்ந்தவர்களுக்குத் தங்கம், மற்றப் பிரபுக்களுக்கு வெள்ளி, குடியானவர்களுக்குப் பித்தளை. அரண்மனைக்குப் போகும்போது அணியும் தொப்பியின் நிறமும் பதவியைச் சொல்லும்: ஊதா, மஞ்சள், சிவப்பு. இந்த வரிசை பிசகாமல் இருக்க, 1689-இல் குடும்ப வம்சாவளிகளைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றே திறக்கப்பட்டது.

பிறப்பு மட்டும் போதவில்லை. 1667-இல் ஹனெஜி சோஷூ என்ற ஆட்சியாளர் ஓர் உத்தரவு போட்டார். கணக்கு, எழுத்து, மருத்துவம், சமையல், தேநீர், பாட்டு, சீன இசை போன்ற கலைகளில் ஒன்றிலாவது தேர்ச்சி இல்லாத வாலிபனுக்கு அரசு வேலை கிடையாது என்பது அதன் சாரம். பிரபு வீட்டுப் பையன் நரம்புக் கருவியை மடியில் வைத்துச் சாதகம் செய்தான் என்றால், அது உத்தியோகத்துக்கான படிப்பு.

அந்தப் படிப்பு கடல் தாண்டியும் போயிற்று. ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகன் பதவிக்குப் புதியவர் வந்தாலும், ரியூக்யுவில் புது மன்னர் பட்டத்துக்கு வந்தாலும் எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, ஒரு தூதுக்குழு போக வேண்டும். 1634-க்கும் 1850-க்கும் இடையில் 18 குழுக்கள் போயின. ஊர்வலத்தில் கொம்பும் தாளமும் முழங்கும். ஷோகன் மாளிகைக்குள் பிரபுக் குடும்பத்துச் சிறுவர்கள் சீன உடையில் சீனப் பாடல்களை இசைப்பார்கள். ஊர்வலத்தைக் காட்டும் அச்சுப் படங்கள் எடோவில் விற்பனைக்கு வந்தன. சோகுனும் பலமுறை ஜப்பான் போய் நோ, கபுகி நாடகங்களைப் பார்த்தவர். அவருடைய 'ஷூஷின் கனெயிரி'யில் வரும், கோயில் மணிக்குள் ஒளியும் இளைஞன் கதைக்கு மூலம் ஒரு நோ நாடகம். சோகுன் அதை ஒகினாவா மண்ணுக்குக் கொண்டுவந்து, ஒகினாவா மொழியில், எட்டு, எட்டு, எட்டு, ஆறு என்று அசைகள் அடுக்கும் ரியூக்யுக் கவிதை நடையில் எழுதினார்.

மூன்று நரம்பு, ஒரு கட்டம்

ரியூக்யு இசைக்கு உயிர் சான்ஷின். சீனாவிலிருந்து வந்த கருவி. மூன்று நரம்பு, மெல்லிய கருமரக் கழுத்து, மலைப்பாம்புத் தோல் போர்த்திய சிறிய குடம். ஆள்காட்டி விரலில் கொம்பாலான கூடு ஒன்றை மாட்டிக்கொண்டு மீட்டுவார்கள். ஓசை சட்டென்று எழுந்து சீக்கிரமே அடங்கும். நரம்பு ஓய்ந்த இடைவெளியில் பாடகரின் குரல் நீண்டு போகும்.

பாடல்கள் வாய்வழியாகவே வந்துகொண்டிருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் யகபி சோகி (1716–1775) என்ற பிரபு அவற்றைத் தாளில் இறக்கினார். சான்ஷினில் விரல் வைக்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சீன எழுத்து. அந்த முறைக்குக் 'குன்குன்ஷி' என்று பெயர். அவர் தொகுப்பில் 117 பாடல்கள் உண்டு. ஆனால் தாளக் கணக்கு அதில் தெளிவாக இல்லை. கடைசி மன்னர் ஷோ தாயின் கட்டளைப்படி நொமுரா அன்சோ 1869-இல் அந்தக் குறையைத் தீர்த்தார். பக்கம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். கட்டத்துக்குள் எழுத்து, பக்கத்தில் பாட்டு வரி. எழுத்து விழாத கட்டத்தில் நரம்பு மௌனமாக இருக்கும், காலம் மட்டும் நகரும். ஒகினாவாவில் சான்ஷின் கற்பவர்கள் இன்றும் அந்தக் கட்டங்களை விரலால் தொட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

பத்தே ஆண்டுகளில் அரசே போய்விட்டது. 1879-இல் ஜப்பான் ரியூக்யு அரசைக் கலைத்து ஒகினாவா மாவட்டமாக்கியது. பிரபுக்கள் வேலையிழந்தார்கள். அரண்மனையில் ஆடியவர்களில் சிலர் நாஹா நகரத்துக் கொட்டகைகளில், காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு ஆடிப் பிழைத்தார்கள். தூதர்களுக்கும் மன்னருக்கும் மட்டுமே உரியதாக இருந்த ஆட்டத்தைத் தெருவில் போகிறவர்களும் பார்க்க முடிந்தது அப்போதுதான். அங்கே அவர்களுக்காகச் சாதாரண மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் புதிய நடனங்களும் பிறந்தன.

ஷூரி அரண்மனை 1945 போரில் தரைமட்டமானது. 1992-இல் மீண்டும் எழுந்த அதன் பிரதான மண்டபம் 2019-இல் தீக்கு இரையானது. குமியொதோரி மட்டும் கைமாறிக் கைமாறி வந்து, 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கென்றே கட்டிய தேசிய அரங்கம் 2004-இல் திறக்கப்பட்டது. அது இருக்கும் ஊர் உராசோயே. சீனத் தூதர்கள் கண்ணில் படாமலிருக்க சத்சுமா அதிகாரிகள் ஒதுங்கியிருந்த அதே உராசோயே. சோகுனின் நாடகங்கள் இப்போது அங்கே, டிக்கெட் வாங்கி வருகிற எவருக்கும் நடக்கின்றன.